அனுப்பாமல் வைத்த எட்டாவது ஆலோசனை

அந்த லிஃப்ட் ஆய்வாளரை அலுவலகத்தில் எல்லோரும் சிவப்புப்பேனா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்த யாருக்கும் தோன்றியதில்லை. இருபத்தாறு வருடமாக ஊரில் உள்ள லிஃப்ட்டுகளில் ஏறி இறங்கிக் குறை கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. வேலை முடிந்ததும் குறை கண்டுபிடிப்பதும் முடிந்துவிடும் என்று நம்பி ஒரு பெண் அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

அவருடைய படிவத்தில் குறைகளுக்கு மூன்று தரம் உண்டு. முதல் தரம்: உடனே நிறுத்துக. இரண்டாம் தரம்: முப்பது நாளில் சரிசெய்க. மூன்றாம் தரம்: கவனத்தில் கொள்க. இந்த மூன்றுக்குள் அடங்காத விஷயம் உலகத்தில் எதுவும் இல்லை என்பது அவர் கட்சி. வீட்டுக் குழாய் சொட்டினால் இரண்டாம் தரம். பக்கத்து வீட்டுக்காரரின் இருமல் மூன்றாம் தரம். மச்சினர் பெட்டியோடு வந்து பத்து நாள் தங்கினால் அது சந்தேகமே இல்லாமல் முதல் தரம், ஆனால் அதை எழுதிக் கொடுக்கிற துணிச்சல் அவருக்கு இதுவரை வரவில்லை.

தன் உடம்பை மட்டும் அவர் ஆய்வு செய்ததே இல்லை. அதை அலுவலகமே செய்தது. ஐம்பத்தைந்து வயதைத் தொட்ட கள ஆய்வாளர்கள் ஆறு மாடிப் படியை நிற்காமல் நான்கு நிமிடத்துக்குள் ஏற வேண்டும் என்று புதிதாக ஒரு விதி வந்தது. லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் ஆய்வாளர் படியேறித்தானே போக வேண்டும்? விதி நியாயமானதுதான். அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாததுதான் அவருக்கு வருத்தம்.

அலுவலக டாக்டர் சின்ன வயதுப் பெண். நிறுத்துகடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு லிஃப்ட்டில் ஆறாவது மாடிக்குப் போய் நின்றுகொண்டார். இவர் கீழேயிருந்து ஏறினார். மூன்றாவது மாடி வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் இறங்கி வந்து பார்த்தார்.

"சார், நீங்க ரெண்டாவது மாடியில விட்ட மூச்சு எனக்கு ஆறாவது மாடியில கேட்டுச்சு."

"அது படிக்கட்டோட எதிரொலி டாக்டர். சுவர்ல வெறும் சிமெண்ட் பூசி விட்டிருக்காங்க."

"பத்து வாரம் டைம் தரேன். தினமும் படி ஏறுங்க. மறுபடியும் பாப்போம். அப்பவும் முடியலைன்னா கோப்புப் பிரிவுதான், வேற வழியில்ல."

கோப்புப் பிரிவு என்றதும் அவர் படியிலிருந்து எழுந்துவிட்டார். அங்கே அவருக்கு மூத்த ஆய்வாளர் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் எழுதிய அறிக்கையில் முத்திரை குத்துவது அவர் வேலை. மிச்ச நேரத்தில் மேலே சுற்றும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, பேரிங் தேய்ந்திருக்கிறது என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். சிவப்புப்பேனாவுக்கு மொட்டை மாடி இயந்திர அறை பிடிக்கும். கம்பிக்கயிறு சக்கரத்தில் ஏறும் சத்தம் பிடிக்கும். ஒரு கட்டடத்தில் முன்னூறு பேர் எதையும் யோசிக்காமல் மேலே போய்க் கீழே வருகிறார்கள் என்றால் அதில் தன் கையெழுத்தும் கொஞ்சம் இருக்கிறது என்கிற நினைப்பு பிடிக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அது கையைவிட்டுப் போகப் பார்த்தது.

விஷயம் தெரிந்ததும் வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனிலேயே பேசிப் பேசி, அவர் போனில் ஓர் உடற்பயிற்சிச் செயலியை இறக்க வைத்தாள். அம்மா போனிலும் ஏற்றி, தன்னையும் சேர்த்து மூன்று பேருக்கு ஒரு குழு அமைத்தாள். யார் எத்தனை மாடி ஏறினார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

முதல் நாள் சாயங்காலம் தன் குடியிருப்பில் படியேறினார். வீடு ஐந்தாவது மாடி. இரண்டாவது மாடி வரைக்கும் ஏறியதில் செயலியிடம் ஆறு குறைகள் அகப்பட்டன. அங்கேயே உட்கார்ந்து நிறுவனத்துக்கு எழுதத் தொடங்கினார். மீதி மூன்று மாடியை லிஃப்ட்டில் போனார். எழுதிக்கொண்டே படியேறுவது ஆபத்து அல்லவா?

ஆலோசனை ஒன்று: 'தொடங்கு' பொத்தான் பெரிதாகவும் 'முடி' பொத்தான் சிறிதாகவும் உள்ளன. தொடங்கும்போது மனிதன் நிதானமாக இருக்கிறான். முடிக்கும்போதுதான் கை நடுங்குகிறது. மாற்றி அமைக்கவும். இரண்டாம் தரம்.

ஆலோசனை மூன்று: சாதனை செய்தால் எக்காளம் ஊதுகிறது. அலுவலகக் கூட்டத்தில் ஊதினால் விளக்கம் சொல்வது கடினம். நிறுத்துக. முதல் தரம்.

ஆலோசனை நான்கு: 'செய்ய நினைத்தேன்' என்று ஒரு பொத்தான் தேவை. நினைப்பவருக்கும் நினைக்கவே செய்யாதவருக்கும் இப்போது ஒரே பூஜ்யம்தான் கிடைக்கிறது. இது அநியாயம். மூன்றாம் தரம்.

ஆலோசனை ஆறு: பன்னிரண்டு படி ஏறியதற்கு 'அற்புதம்' என்று வந்தது. எல்லாமே அற்புதம் என்றால் எதை நம்புவது? நடுவில் நின்றிருந்தால் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதைச் சிவப்பு எழுத்தில் காட்டவும். இரண்டாம் தரம்.

'உங்கள் கருத்துக்கு நன்றி, நீங்கள் எங்களுக்கு முக்கியமானவர்' என்று பதில் வந்தது. ஆறு கருத்துக்கும் அதே பதில் ஆறு முறை வந்தது. அந்தப் பதிலை எப்படி மேம்படுத்தலாம் என்பதுதான் ஏழாவது ஆலோசனை. அதற்குப் பிறகு எந்திரம் ஒதுங்கிக்கொண்டது. உதவிப் பிரிவிலிருந்து மனுஷியே பதில் எழுத ஆரம்பித்தாள். 'ஐயா, தங்கள் நான்காவது ஆலோசனையை அச்செடுத்து எங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்' என்று எழுதினாள். கிண்டலா பாராட்டா என்று பிரித்துப் பார்க்காமல், பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது.

பதினான்கு மாடி கொண்ட ஒரு கட்டடத்தில் ஆய்வு. லிஃப்ட்டில் போகிறவர்கள் எல்லோரும் சும்மா நிற்பார்கள். ஆய்வாளர் நிற்க மாட்டார். லிஃப்ட் மேலே போகும்போது நாலு மூலைக்கும் மாறி மாறி நடந்து, அழுத்தி மிதித்து, எங்கே ஆட்டம் இருக்கிறது, எங்கே கிறீச்சிடுகிறது என்று காது கொடுப்பார். அன்றைக்கும் ஆறு முறை மேலே போய் வந்தார். போன் சட்டைப் பையில் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைத்ததும் பையிலிருந்து எக்காளம் முழங்கியது. எண்பத்து நான்கு மாடி! திரையில் ஒரு மலை, மலை உச்சியில் ஒரு கொடி.

என்ன நடந்தது என்று அவருக்குப் புரிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அது குறையும்போது காலடியும் விழுந்தால், இவர் படி ஏறுகிறார் என்று செயலி முடிவு கட்டுகிறது. லிஃப்ட்டுக்குள் நடக்கிற பைத்தியக்காரன் ஒருவன் இருப்பான் என்று செயலியைச் செய்தவர்கள் எதிர்பார்க்கவில்லை.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அவர் மனைவி தன் போனை எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். நாள் முழுக்கப் பயந்த முகங்களைப் பார்க்கிறவள், எதற்கும் லேசில் அசர மாட்டாள். இப்போது அசந்துபோய் நின்றாள்.

"ஏங்க, நிஜமாவா? எண்பத்து நாலா?"

கடைசியாக அவள் அப்படிப் பார்த்தது எப்போது என்று அவருக்கு ஞாபகம் இல்லை. மகள் பிறந்தபோதாக இருக்கலாம். அதில்கூட அவர் பங்கு குறைவுதான்.

"அது... ஆய்வுல இன்னிக்குக் கொஞ்சம் மேல கீழ போக வேண்டியிருந்துச்சு," என்றார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவள் அவருடைய தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். மகள் குழுவில் 'அப்பா சூப்பர்' என்று போட்டு, தன் அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டியதாகச் சொன்னாள். மனிதர் பால்கனிக்குப் போய் நின்று எட்டாவது ஆலோசனையை எழுதினார். நன்றாகவே வந்திருந்தது. 'பதினான்கு மாடியை நாற்பது விநாடியில் ஏறுகிற ஐம்பத்தைந்து வயது மனிதன் உலகத்தில் இல்லை. இருந்தால் அவனுக்கு உங்கள் செயலி தேவையில்லை. முதல் தரம்: உடனே நிறுத்துக.' படித்துப் பார்த்து ரசித்தார். நாளைக்கு அனுப்பலாம் என்று சேமித்து வைத்தார்.

நாளை வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. ஒன்பதாவது ஆலோசனை போனது, பதினைந்தாவது போனது, முப்பதாவதும் போனது. எழுத்தின் அளவைப் பற்றியும், பின்னணிப் பச்சை மிகவும் பச்சையாக இருப்பதைப் பற்றியும், மழை நாளில் ஓடச் சொல்வதைப் பற்றியும் எழுதித் தள்ளினார். எட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. தினமும் நாற்பது, ஐம்பது மாடி என்று கணக்கு ஏறிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் தன் கெண்டைக்கால் சதை கெட்டியாகியிருக்கிறதோ என்று தொட்டுப் பார்க்கும் அளவுக்கு அவர் போய்விட்டார்.

இதற்கிடையில் அவர் மனைவி படியேற ஆரம்பித்திருந்தாள். மருத்துவமனை நான்காவது மாடி, வீடு ஐந்து. ஆக தினமும் ஒன்பது. அப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி ஏறிப் பதின்மூன்று. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போக ஒரு தரம், மறந்ததை வாங்க இன்னொரு தரம். முதல் வாரம் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்தாவது வாரம் எண்ணெய்ப் புட்டி அலமாரிக்குப் போய்விட்டது.

"உங்களைப் பிடிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் ஒரு நாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "ஒரு நாளாவது உங்கள்ல பாதி ஏறிடணும்னு பாக்கறேன். நீங்க ஏன் வீட்டுப் படியில வர மாட்டேங்கறீங்க?"

"ஆபீஸ்லயே அம்பது ஆயிடுதே. வீட்டுல வேற எதுக்கு?"

"அதுவும் சரிதான்," என்றாள் அவள், முழு மனதாக நம்பி.

அந்த நம்பிக்கை அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அன்றைக்கு எட்டாவதைத் திறந்தார். ஒரு காற்புள்ளியைத் திருத்தினார். மூடி வைத்துவிட்டார்.

எட்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, வேலையிலிருந்து சீக்கிரமே திரும்பியவர் தன் குடியிருப்பு லிஃப்ட்டில் ஏறினார். ஐந்தாவது மாடியில் கதவு திறந்தபோது லிஃப்ட்டின் தரை, மாடித் தரைக்கு மூன்று விரற்கடை கீழே நின்றிருந்தது. போன மாதம் ஒரு விரற்கடைதான் இருந்தது. மறுபடி கீழே போனார், மேலே வந்தார். இப்போது நான்கு விரற்கடை. நிற்கும்போது லேசாக வழுக்கியது. பிரேக் பட்டை தேய்ந்துவிட்டது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, முதல் தரம்.

எந்த லிஃப்ட்டில் ஆபத்தைக் கண்டாலும் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு. பையிலிருந்து சிவப்புத் தாளை எடுத்தார். அந்த நிமிடத்தில்தான் அவருக்கு இன்னொரு விஷயம் உறைத்தது. இந்தத் தாளை ஒட்டினால், பட்டை வந்து மாட்ட எப்படியும் பதினைந்து இருபது நாள் ஆகும். அதுவரைக்கும் ஐந்து மாடியும் படிதான், அதுவும் மனைவியின் கண்ணெதிரில்.

இருபத்தாறு வருடத்தில் முதன்முறையாக அந்தப் பேனா தயங்கியது. முப்பது நாளில் சரிசெய்க என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? மூன்றாவது மாடி வீட்டுக்காரரின் குழந்தை பள்ளி விட்டு வந்து இதில்தான் ஏறும். ச்சீ, என்று தன்னையே திட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எல்லா மாடியிலும் தாளை ஒட்டிவிட்டு, மின்சாரத்தை நிறுத்தினார்.

கீழே வாசலுக்கு வந்தபோது மனைவி காய்கறிப் பையோடு எதிரே வந்தாள். சிவப்புத் தாளைப் பார்த்தாள்.

"நீங்களே நிறுத்திட்டீங்களா? நல்லதாப் போச்சு. வாங்க, சேந்து ஏறலாம். உங்களுக்கென்ன, அஞ்சு மாடியை ஊதித் தள்ளிடுவீங்க."

முதல் மாடியைச் சிரித்த முகமாகக் கடந்தார். இரண்டாவது மாடியில் நின்று கைப்பிடியின் போல்ட்டை ஆட்டிப் பார்த்தார். இன்னும் பத்துப் படி ஏறி, சுவரில் ஒரு விரிசலை வெகு கவனமாக ஆராய்ந்தார். மூன்றாவது மாடி வந்தபோது ஆராய எதுவும் கிடைக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார். அவள் நான்காவது மாடிக்குப் பாதி தூரம் போனவள், பேச்சுக்குப் பதில் வராததைக் கவனித்துத் திரும்பி இறங்கி வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை.

"என்னங்க ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?" அவள் முகம் வெளுத்துவிட்டது.

அந்தப் பயத்தைப் பார்த்ததும் அவரால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பதினான்கு மாடி, நாலு மூலை, காற்றழுத்தம், எட்டாவது ஆலோசனை. மூச்சு இரைத்துக்கொண்டே சொன்னதால் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"ஏழு வாரமா," என்றாள், "முழங்காலுக்கு எண்ணெய் போட்டுட்டு, நான் ஒரு லிஃப்டையா துரத்திட்டு இருந்தேன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஊரில் உள்ள அத்தனை பேரின் குறையையும் எழுதியவருக்குத் தன் குறையை ஒரு தட்டு தட்டி அனுப்ப முடியவில்லை.

"எனக்கு நீங்க எத்தனை மாடி ஏறினீங்கங்கறது பெருசில்ல," என்றாள் அவள். "நான் அதை நம்பிட்டு இருந்தேன் பாருங்க, அதான். இங்கயே உக்காந்து அந்த எட்டை அனுப்பிட்டு வாங்க. காலைல அஞ்சரைக்கு எழுப்புவேன்."

பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டாள். அவர் அனுப்பினார். ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை.

மறுநாளிலிருந்து காலை ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். அவள் முன்னால் போவாள், அவர் பின்னால் போவார். அவர் நின்றால் அவளும் நிற்பாள், ஆனால் திரும்பிப் பார்க்க மாட்டாள். முதல் நாலு நாள் பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் நான்காவது மாடி வரைக்கும் அவர் நிற்காமல் வந்தபோது, "வாயை மூடிட்டு மூக்கால மூச்சு விடுங்க," என்றாள். அவருக்கு அது எக்காளத்தைவிட இனிமையாகக் கேட்டது.

உதவிப் பிரிவுப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. 'ஐயா, தாங்கள் அனுப்பிய நாற்பத்தொரு ஆலோசனைகளிலேயே இதுதான் மிக முக்கியமானது. இதை ஏன் கடைசியில் அனுப்பினீர்கள் என்று நாங்கள் கேட்கப்போவதில்லை. பழைய பதிவுகளையும் திருத்திவிட்டோம். தங்களின் மூன்றாவது, ஆறாவது ஆலோசனைகளும் இந்தப் புதிய பதிப்பில் சேர்க்கப்பட்டுள்ளன.' திறந்து பார்த்தார். இரண்டாயிரத்துச் சொச்சம் மாடி ஐம்பத்தேழாகியிருந்தது. அந்த ஐம்பத்தேழில் ஐம்பது இந்த ஐந்து நாளில் ஏறியது. குழுவில் மகள் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டாள். 'அப்பாவே சொல்லுவார்' என்று அம்மா பதில் போட்டாள். அப்பாவே சொன்னார்.

பத்தாவது வாரம் சோதனை. டாக்டர் முன்போலவே நிறுத்துகடிகாரத்தோடு லிஃப்ட்டில் மேலே போனார். இவர் வாயை மூடிக்கொண்டு ஏறினார். நாலு மாடி சரளமாகப் போனது. ஐந்தாவது மாடித் திருப்பத்தில் நெஞ்சு அடைத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபடி ஏறி, ஆறாவது மாடியில் டாக்டர் முன்னால் போய் நின்றார்.

"மூணு நிமிஷம் அம்பது விநாடி!" டாக்டருக்கு உண்மையான சந்தோஷம். "பாஸ் சார். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

படிவத்தை வாங்கினார். 'நிற்காமல் ஏறினார்' என்று அச்சாகியிருந்தது. கீழே கையெழுத்துக்குக் கோடு. இயந்திர அறை, கம்பிக்கயிறு, மொட்டை மாடிக் காற்று எல்லாம் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தன. கோடு நாலு விரற்கடை நீளம்தான்.

"அஞ்சாவது மாடியில நின்னேன் டாக்டர்."

"யாருமே பாக்கலையே சார்."

"நான் அங்கதான் இருந்தேன்."

டாக்டர் படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "சரி, உங்க படிவத்துல இதுக்கு என்ன எழுதுவீங்க?"

அவர் யோசித்தார். மெய்யாகவே யோசித்தார், தனக்குச் சாதகமாக எழுதிவிடக் கூடாதே என்ற பயம். "ரெண்டாம் தரம். முப்பது நாளில் சரிசெய்க. அதுக்கப்புறம் மறு ஆய்வு."

"அதுவரைக்கும் லிஃப்ட் ஓடலாமா?"

"ஓடலாம். கவனமா ஓடணும்."

டாக்டர் அதை அப்படியே எழுதி, தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கீழே வந்ததும் போனை எடுத்தார். எக்காளம் ஊதவில்லை. திரையில் ஆறு மாடி என்று பச்சையிலும், அதன் கீழே 'நின்ற நேரம் பதினொரு விநாடி' என்று சிவப்பிலும் இருந்தது. அதற்குள் மனைவியின் செய்தி வந்துவிட்டது. 'பதினொரு விநாடி எதுக்கு நின்னீங்க?'

கைப்பிடி போல்ட்டைப் பாத்தேன் என்று தட்டினார். அழித்தார். 'மூச்சு வாங்குச்சு. டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். முப்பது நாள் கொடுத்திருக்காங்க' என்று அனுப்பினார்.

பதில் வந்தது.

'சரி. நம்ம லிஃப்ட் இன்னிக்கு ரெடியாயிடுச்சு. இப்ப அதுலதான் மேல வந்தேன். நாலு மூலையும் நல்லா மிதிச்சுப் பாத்தேன். பூஜ்யம்தான் காட்டுது. உங்க எட்டாவது சரியா வேலை செய்யுது.'

அவர் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் வந்தது.

'நீங்க படியில வாங்க. கீழ வந்து நிக்கறேன்.'